வெக்கைக்கும் வாடகை



விடிகாலையில் மும்பை மாட்டுங்கா தெருக்களில் சைக்கிள் ஹாரன் கேட்டால் இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த இட்லி வெந்தது தாராவி வீடு ஒன்றில். அதற்காக அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது இரவு இரண்டு மணிக்கு. ஆகவே அவர்கள் கண்ணயர வேண்டிய நேரம் மத்தியானம்.

போன மே மாதம் 90 அடிச் சாலைக்குப் பின்னால் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மாடியில் வாடகை அறை. கையை உயர்த்தினால் பத்ரா எனும் தகரக் கூரையைத் தொட்டுவிடலாம், தொட்டால் சுடும். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டி, வெளியே நனைத்த சாக்கை விரித்திருந்தார்கள். "ஊருக்கெல்லாம் நாங்க இட்லி அவிக்கோம், அண்ணாச்சி. மத்தியானம் இந்தத் தகரம் எங்களை அவிக்குது" என்றார் அந்த அம்மா.

வெள்ளைப் பூச்சு அடிக்கலாமே என்றேன். "ஓனர் செய்ய மாட்டாரு. எப்படியும் இடிக்கப் போறாங்கல்லா?"

கூரை ஒருவருடையது, வெக்கை இன்னொருவருக்கு. சிக்கலே இதுதான்.

வழி தெரியாமல் இல்லை. 2010 மே மாத வெயிலில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பிறகு ஏழைகளின் கூரைகளில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு ஏறியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. இவற்றில் சொந்தக் கூரைக்கும் அரசுக் கட்டடத்துக்கும் வழி உண்டு. 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு?

அமெரிக்காவில் 1976 முதல் ஏழைகளின் வீடுகளைக் குளிரும் வெயிலும் தாக்காதபடி அரசு செலவில் சீராக்கித் தருகிறார்கள். வாடகை வீடும் அதில் சேரும். உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அந்த வேலையைக் காட்டிக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகையை ஏற்றக் கூடாது. நமக்கு வேண்டியது அந்த நிபந்தனைதான். இல்லாவிட்டால் அரசு பணத்தில் கூரை குளிரும். மறுமாதமே வாடகை ஏறும். வெக்கையில் வெந்தவர் வேறு பத்ராவுக்குக் குடிபோவார்.

"இடிக்கத்தானே போகிறார்கள்" என்ற பதிலையும் ஏற்க மனமில்லை. தாராவியின் மறுசீரமைப்புக்குக் காத்திருந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 1.1.2000க்கு முந்தைய தரைத்தள வீடு என்றால் தாராவிக்குள்ளேயே இலவச வீடு; மாடிக்காரருக்கு வெளியேதான் இடம் என்கிறது திட்டம். ஆக, பத்ராவுக்கு நேர் கீழே படுப்பவர் புது வீட்டுக்கான வரிசையிலும் பின்னால்தான். கான்கிரீட் கூரை வரட்டும். அதுவரை ஒவ்வொரு கோடைக்கும் ஒரு கை வெள்ளைப் பூச்சுக்காவது அரசு மானியம் தரட்டும்.

தாராவியிலும் செம்பூரிலும் உங்கள் வீட்டு வெக்கையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்களும் எழுதுங்கள். உங்கள் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும்.

மத்தியானம் எழுதினால் கடிதத்தில் வியர்வைத் துளி விழும். பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்