சொந்த ஊர் கைவிட்டதா? டென்னசியில் தோற்ற அல் கோர்

அண்மையில் ஆறாம் படிவ மாணவர்களுடன் அமெரிக்கத் தேர்தல் முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 2016இல் டோனல்ட் டிரம்ப் அதிபர் தேர்தலில் வென்றார். ஆனால், தாம் பிறந்து வளர்ந்து தொழில் செய்த நியூயார்க் மாநிலத்தில் அவர் தோற்றார் என்று சொன்னேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினார்.

"சொந்த ஊர்க்காரங்களே ஓட்டுப் போடலன்னா, அவர்கிட்ட ஏதோ கோளாறு இருக்குன்னுதானே சார் அர்த்தம்? அவரைப் பத்தி அவங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?"

வகுப்பில் பலர் தலையாட்டினர். நான் பதிலைத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை. 2028ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலுக்கு யார் யார் போட்டியிடலாம் என்ற பேச்சு இப்போதே அடிபடுகிறது. "இவர் நின்றால் அவருடைய மாநிலம் உறுதி" என்ற கணிப்பையும் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். அந்தக் கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

நம் முறையும் அவர்கள் முறையும்

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். மலேசியாவில் பிரதமராக வர வேண்டியவர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். சொந்தத் தொகுதியில் தோற்றால் அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இரண்டு முறை பிரதமராக இருந்த துன் மகாதீர் லங்காவி தொகுதியில் தோற்று, வைப்புத்தொகையையும் இழந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு. மொத்தம் 538. அதில் 270 பெறுபவர் அதிபராகிறார். மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில், ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் வென்றவருக்கே போகும். ஆகவே, சொந்த மாநிலத்தில் தோற்ற ஒருவர் மற்ற மாநிலங்களைச் சேர்த்து வெல்ல முடியும். 1844இல் ஜேம்ஸ் போல்க், 1916இல் உட்ரோ வில்சன், 2016இல் டிரம்ப் ஆகியோர் அப்படி வென்றவர்கள்.

டிரம்ப் 2019இல் தம் வசிப்பிடத்தைப் புளோரிடாவுக்கு மாற்றிக்கொண்டார். 2020இல் புளோரிடாவில் வென்றார், நாட்டில் தோற்றார். 2016இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. இந்த ஒருவரின் கதையே, சொந்த மாநிலத்தின் முடிவையும் நாட்டின் முடிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று காட்டுகிறது.

ஆனால், சொந்த மாநிலத்தில் தோற்றதாலேயே அதிபர் பதவியை இழந்த ஒருவர் இருக்கிறார். அவர் அல் கோர்.

எல்லாரும் புளோரிடாவைப் பார்த்தார்கள்

2000ஆம் ஆண்டுத் தேர்தல் என்றதும் பாடநூல்கள் புளோரிடாவைத்தான் சொல்லும். அங்கு ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெறும் 537 வாக்குகளில் முன்னிலை பெற்றார். குழப்பமான வாக்குச்சீட்டு, மறு எண்ணிக்கை, நீதிமன்ற வழக்கு என்று ஐந்து வாரம் இழுத்தது. டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்போடு மறு எண்ணிக்கை நின்றது. நாடு முழுவதும் கோர் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும் புஷ்தான் அதிபரானார்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். புஷ்ஷுக்கு 271 தேர்வாளர் வாக்குகள். கோர் வென்ற இடங்களுக்கு 267. அதில் ஒரு தேர்வாளர் வாக்களிக்காமல் விட்டதால் பதிவானது 266. கோரின் சொந்த மாநிலமான டென்னசிக்கு 11 தேர்வாளர் வாக்குகள் இருந்தன. அங்கு அவர் வென்றிருந்தால் 278 கிடைத்திருக்கும். புளோரிடாவில் என்ன நடந்தாலும் கவலையில்லை. உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டிய அவசியமே வந்திருக்காது.

டென்னசியில் அவர் தோற்றது 537 வாக்குகளில் அல்ல. ஏறத்தாழ 80,000 வாக்குகளில். புஷ்ஷுக்கு 51 விழுக்காடு, கோருக்கு 47 விழுக்காடு. புளோரிடாவில் மூன்றாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாக்குகளைப் பிரித்துவிட்டார் என்று சொல்லலாம். டென்னசியில் அதையும் சொல்ல முடியாது. நேடர் அங்கு பெற்றது 20,000 வாக்குகளுக்கும் குறைவு. அத்தனையும் கோருக்கே போயிருந்தாலும் தோல்விதான்.

பத்தே ஆண்டுகளில் என்ன மாறியது?

கோர் டென்னசிக்குப் புதியவர் அல்லர். அவருடைய தந்தை ஆல்பர்ட் கோர் 18 ஆண்டுகள் அம்மாநிலத்தின் செனட்டர். மகன் 1977 முதல் 1993 வரை அம்மாநிலத்திலிருந்து காங்கிரசில் இருந்தார். ஊர் ஊராகச் சென்று மக்களுடன் கூட்டம் நடத்தியவர். 1990 செனட் தேர்தலில் டென்னசியின் 95 மாவட்டங்களிலும் வென்றார். ஒன்றுகூட விடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே மாநிலம் அவரை வேண்டாம் என்றது.

நான் இதை முதலில் படித்தபோது, என் மாணவியைப் போலவே, 'அவர் ஏதோ தவறு செய்திருக்கிறார்' என்றுதான் நினைத்தேன். பிறகு தேர்தல் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 1992இல் கிளிண்டன், கோர் இணை டென்னசியில் கிட்டத்தட்ட 5 விழுக்காட்டுப் புள்ளிகளில் வென்றது. 1996இல் அது சுமார் இரண்டரைப் புள்ளியாகக் குறைந்தது. இடையில் 1994இல் டென்னசியின் இரண்டு செனட் இடங்களும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியிடம் போயின. அந்த இரண்டில் ஒன்று கோர் முன்பு வகித்த இடம். கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 2000இல்தான் முழுதாக மூடியது.

அதன் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அதிபர் தேர்தலில் டென்னசியை வென்றதில்லை. 2024இல் டிரம்ப் அங்கு 60 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றார். அப்படியானால் இது கோர் என்ற தனிமனிதரின் கதை மட்டுமல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புற வாக்காளர்கள் ஒரு கட்சியை விட்டு இன்னொரு கட்சிக்கு நகர்ந்த நீண்ட கதையின் ஒரு பகுதி.

கோரும் நகர்ந்தார்

மாநிலம் ஒரு பக்கம் நகர, கோர் இன்னொரு பக்கம் நகர்ந்தார். தொடக்கத்தில் துப்பாக்கி உரிமைக்குச் சாதகமாக வாக்களித்தவர் அவர். வேட்டையாடுவது வாழ்க்கையின் பகுதியாக உள்ள மாநிலத்தில் அது இயல்பு. ஆனால், கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 1999 மே மாதம், துப்பாக்கிக் கண்காட்சி விற்பனையைக் கட்டுப்படுத்தும் திருத்தத்துக்குச் செனட்டில் 50க்கு 50 என்று வாக்குகள் சமமாக விழுந்தன. துணையதிபர் என்ற முறையில் தீர்மானிக்கும் வாக்கை அளித்தவர் கோர். நாட்டின் பல பகுதிகளில் அது பாராட்டப்பட்டது. டென்னசியில் அதுவே அவருக்கு எதிரான பரப்புரையானது.

புகையிலையும் அப்படித்தான். கோர் குடும்பத்துப் பண்ணையிலேயே புகையிலை விளைந்தது. 1984இல் அவருடைய அக்காள் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். பின்னர் கோர் புகையிலைக்கு எதிராகப் பேசினார். ஒரு தம்பியாக அவருடைய நிலைப்பாட்டை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால், புகையிலை பயிரிட்டுப் பிழைத்த விவசாயிக்கு அது வேறுவிதமாகக் கேட்டிருக்கும்.

இந்த இரண்டிலும் கோர் செய்தது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. நாடு முழுவதற்கும் தலைவராக விரும்புபவர், ஒரு மாநிலத்தின் மனத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் குறைக்க அவர் முயன்றதும் உண்மை. 1999இல் தம் தேர்தல் தலைமையகத்தையே வாஷிங்டனிலிருந்து டென்னசியின் தலைநகரான நேஷ்வில்லுக்கு மாற்றினார். காலம் கடந்துவிட்டது. அலுவலகத்தை இடம் மாற்றுவதற்குச் சில வாரம் போதும். பிரிந்துபோன உறவைச் சரிசெய்ய அது போதாது.

இதில் வேதனையான ஒன்று, இதே பாடத்தை அந்தக் குடும்பம் முன்பே படித்திருந்தது. 1970இல் கோரின் தந்தை செனட் தேர்தலில் தோற்றார். வியட்நாம் போரை எதிர்த்தவர் அவர். மாநில மக்களிடமிருந்து விலகி வாஷிங்டன்காரராகிவிட்டார் என்பதே எதிரணியின் குற்றச்சாட்டு. முப்பது ஆண்டுகள் கழித்து மகன்மீதும் அதே குற்றச்சாட்டு விழுந்தது.

மூன்று வகைத் தோல்விகள்

சொந்த மாநிலத்தில் தோற்றவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முதல் வகை, நாடே எதிராக அடித்த அலையில் சொந்த மாநிலமும் போவது. 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் மாசசூசெட்ஸ் மாநிலத்தையும் தலைநகர் வாஷிங்டனையும் தவிர எல்லா இடங்களிலும் தோற்றார். அவருடைய தென் டகோட்டாவும் அதில் அடக்கம். ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1974இல், அதே தென் டகோட்டா மக்கள் அவரை மீண்டும் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளைப் பிடிக்காமல் இல்லை. அதிபர் பதவிக்கு வேறொருவர் போதும் என்று நினைத்தார்கள். என் மாணவியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இரண்டாம் வகை, மாநிலம் ஏற்கெனவே எதிர்க்கட்சியின் கோட்டையாக இருப்பது. 2012இல் மிட் ரோம்னி, தாம் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 விழுக்காடுகூடப் பெறவில்லை. டிரம்ப்பின் நியூயார்க்கும் இந்த வகைதான். இரண்டு அணிகளும் இதை எதிர்பார்த்தே களத்தில் இறங்கின.

மூன்றாம் வகை கோருடையது. முன்பு தமதாக இருந்த, இன்னும் தமது என்று நம்பிய மாநிலத்தை இழப்பது. முடிவையே மாற்றக்கூடிய தோல்வி இதுதான்.

ஆக, அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாடு முழுவதும் அவர் தோற்றாரா? அந்த மாநிலம் ஏற்கெனவே எந்தக் கட்சிப் பக்கம் இருந்தது? கடந்த இரண்டு மூன்று தேர்தல்களில் வாக்கு வித்தியாசம் எப்படி நகர்ந்தது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல், 'ஊரே ஒதுக்கிவிட்டது' என்று எழுதுவது செய்தியாகாது.

ஊர் என்பது முகவரி மட்டுமா?

என் அடையாள அட்டையில் இன்னும் பேராக் மாநிலத்திலுள்ள சிற்றூரின் முகவரிதான் இருக்கிறது. வேலைக்காக வெளியேறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2022 தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் என்னை அடையாளம் கண்டு, "தம்பி, வாய்க்கால் நிலைமையைப் பார்த்தியா? மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்றார். எந்த வாய்க்கால் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாக்குரிமை அந்த ஊரில் இருந்தது. ஊர் நிலவரம் என்னிடம் இல்லை. நான் ஒரு சாதாரண வாக்காளன், அதனால் பெரிய நட்டமில்லை. ஊரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவருக்கு அது பெரிய நட்டம்.

உங்களில் பலர் படிப்புக்காக ஊரை விட்டுக் கிளம்பப் போகிறீர்கள். 18 வயதானதும் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ, அங்குதான் உங்கள் வாக்கு. அந்தத் தொகுதியில் என்ன நடக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தும் தெரிந்துகொள்ளலாம்.

2000 டிசம்பர் 13ஆம் நாள் கோர் தோல்வியை ஏற்றுக்கொண்டு பேசினார். இனி என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொன்னார். டென்னசிக்குப் போய்ச் சில வேலிகளைச் சரிசெய்வேன் என்றார். பண்ணை வேலியையும் சொன்னார், உறவையும் சொன்னார்.

மாணவியே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். சொந்த ஊரில் தோற்றவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஊர் நன்றி கெட்டதாகவும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு தூரம் விலகிவிட்டோம் என்பது வாக்கு எண்ணிய இரவில்தான் கோருக்குத் தெரிந்தது. எண்கள் அதை எட்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தன.