டவுன்லோடில் டாப்... வருமானம் யாருக்கு? கள்ளக்குறிச்சியில் இருந்து ஒரு கேமிங் கணக்கு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. ஒருத்தர் போனில் லூடோ, இன்னொருத்தர் போனில் சப்வே சர்ஃபர்ஸ், காலேஜ் பசங்க கையில் பிஜிஎம்ஐ. மொபைல் கேம் டவுன்லோடில் உலகத்திலேயே முன்னணியில் இருக்கிற நாடு இந்தியா. ஆனால் அந்த கேம்களால் வரும் வருமானத்தில் நாம் ரொம்பவே பின்னால் இருக்கோம். ஏன்?

ஃப்ரீ கேம் எப்படிச் சம்பாதிக்குது?

முக்கியமா ரெண்டு வழி. ஒன்று, நடுவில் வரும் விளம்பரம். அதைப் பார்ப்பவர் அமெரிக்காவில் இருந்தால் கம்பெனிக்கு அதிகக் காசு, இந்தியாவில் இருந்தால் குறைவு. இன்னொன்று, கேமுக்குள் வாங்கும் ஸ்கின், டைமண்ட், யூசி. இதில் கூகுள் பிளே பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். மிச்சம் கேமை உருவாக்கிய கம்பெனிக்கு.

அந்தக் கம்பெனிகள் எங்கே இருக்கு? சப்வே சர்ஃபர்ஸ், டென்மார்க். ஆங்கிரி பேர்ட்ஸ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ரெண்டுமே ஃபின்லாந்து. இந்த இரண்டு நாடுகளின் மக்கள்தொகையைச் சேர்த்தாலும் ஒன்றேகால் கோடியைத் தாண்டாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி.

ரம்மி போனது நல்லதுதான்

'இந்திய கேமிங் மார்க்கெட் எகிறுது' என்று சில வருஷமாகச் சொன்னார்களே, அந்த வருமானத்தில் பெரும்பங்கு காசு கட்டி ஆடும் ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்களில் இருந்து வந்தது. அதாவது, தோற்றவர்களின் பணம். தமிழ்நாடு 2022-லேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை.

இதனால் மார்க்கெட் சுருங்கிப்போச்சு என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை. கடன் வாங்கித் தோற்றவர்களின் காசில் வீங்கிய மார்க்கெட் சுருங்குவது நமக்கு நல்லதுதான். ஆனால் தடை போட்டதோடு வேலை முடியலை. அந்த இடத்தை யார் நிரப்பப் போறாங்க என்பதுதான் இப்போதைய கேள்வி.

நம்மால் முடியாதா?

முடியும். 2016-ல் வந்த லூடோ கிங், நவி மும்பை கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. நெட் இல்லாமலும் ஒரே போனில் நாலு பேர் ஆடலாம். சிக்னல் சரியாகக் கிடைக்காத கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு இந்த மாதிரி கேம்தான் செட் ஆகும். டொரண்டோவில் உருவான 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்தே கதை சொல்லும் கேம். கம்ப்யூட்டருக்கும் கன்சோலுக்கும் 2023-ல் வந்த அது, 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இட்லியை வைத்தே கேம் பண்ண முடியும் என்றால், ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் நம்ம கையில்தானே இருக்கு?

ஆரம்பச் செலவும் பெரிதில்லை. கோடாட் என்ற கேம் என்ஜின் முழுக்க இலவசம். கூகுள் பிளேயில் டெவலப்பர் கணக்கு தொடங்க ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டினால் போதும். இல்லாதது பயிற்சியும், முதல் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கச் சின்ன நிதியும்தான். ரெண்டுமே சென்னை, கோவையோடு நின்றுவிடக் கூடாது. 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் கேம் டெவலப்மென்ட்டை கள்ளக்குறிச்சி மாதிரி புது மாவட்டங்களின் கல்லூரிகள் வரைக்கும் சீரியஸாகக் கொண்டுபோகணும்.

இல்லைன்னா, நேரமும் டேட்டாவும் நம்மளோடது, வருமானம் மட்டும் வேற ஊருக்கு. இந்தக் கணக்கு அப்படியேதான் தொடரும்.