சைக்கிள் கொடுத்தாச்சு... ஓட்ட வழி எங்கே? - பாதுகாப்பான நடை, சைக்கிள் வழித்தடங்களைத் திட்டமிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் விலையில்லா சைக்கிள்கள் வழங்கப்படுகின்றன. இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு விதிகள் ‘தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்’ என்கின்றன. அதாவது, பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போய்விடலாம் என்பதுதான் அரசின் கணக்கு.

கணக்கு சரி. சைக்கிள் இருக்கிறது, பள்ளியும் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் பாதைதான் யாருடைய கணக்கிலும் வரவில்லை. ‘மெயின் ரோட்டைத் தாண்டணும், தனியா அனுப்ப பயமா இருக்கு’ என்று அந்த சைக்கிளை வீட்டோடு நிறுத்திவைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அவர்களது பயத்துக்குப் புள்ளிவிவரமே சாட்சி.

பிரச்சினை எவ்வளவு பெரிது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, ஐந்தில் ஒருவர் எந்த வாகனத்திலும் போகவில்லை. சாலையைக் கடந்தார், அல்லது ஓரமாக நடந்தார், அவ்வளவுதான். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் சிறு கூட்டம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?’ என்று கேட்டபோது, விவசாயம், வீட்டுத் தொழில் அல்லாத வேலைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் ‘நடந்து’ அல்லது ‘சைக்கிளில்’ என்றுதான் பதில் சொன்னார்கள். பஸ்ஸில், ரயிலில் போகிறவர்களும் ஸ்டாப் வரைக்கும் நடந்துதான் ஆக வேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். சைக்கிள் அங்கே சுதந்திரமாக இருந்தது. இன்று அதே சைக்கிளை எடுக்கத் தயங்கவைப்பது சாலைதான்.

‘நடைபாதை போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன?’

இங்கேதான் நம் திட்டமிடலின் அடிப்படைத் தவறு இருக்கிறது. நாம் நடைபாதையை ஒரு சாலைக்கான அலங்காரமாகப் பார்க்கிறோம். நடப்பவருக்குத் தேவைப்படுவது வீட்டு வாசலில் தொடங்கிப் போகிற இடத்தின் வாசலில் முடியும் ஒரு வழித்தடம்.

சென்னை தியாகராய நகரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகள் என்று நடப்பவர்களை மதித்துக் கட்டப்பட்ட இடம் அது. நம் ஊரிலும் இப்படிச் செய்ய முடியும் என்று காட்டியது. ஆனால், பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பாட்டி அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்வார் என்ற கேள்விக்கு அந்த ஒரு சாலை பதில் சொல்ல முடியாது.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டர் அருமையாக இருந்து, மீதி 100 மீட்டரில் டிரான்ஸ்ஃபார்மரும், உடைந்த வடிகால் மூடியும், குறுக்கே நிறுத்திய காரும் இருந்தால், அந்தப் பிள்ளை அங்கே சாலைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். ஆபத்து அந்த 100 மீட்டரில்தான். அங்கே பயந்துவிட்டால், மீதி 900 மீட்டருக்கான செலவும் வீண். ஒரு வழித்தடத்தின் தரம் அதன் மிக மோசமான இடத்தின் தரம்தான்.

விதி என்ன சொல்கிறது?

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அவ்வளவு இடம் தேவை. உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தால், அவர் நடைபாதையை விட்டுச் சாலையிலேயே நடப்பார். பல இடங்களில் நடைபாதை காலியாகவும் சாலையில் கூட்டமாகவும் இருக்க இதுவே காரணம்.

கொள்கைக்கும் பஞ்சம் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்தது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான நிதியில் 60% நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் போக வேண்டும், 2018-க்குள் 80% தெருக்களில் நடைபாதை அமைய வேண்டும் என்பவை அதன் இலக்குகள். 2018 வந்து போய்விட்டது. சென்னையில் நடப்பவர்களுக்கு அந்த இலக்கின் கதி என்ன ஆனது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீதிமன்றமும் பேசிவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதை இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், பாதசாரிகளுக்கும் மோட்டார் இல்லா வாகனங்களுக்கும் மாநிலங்கள் 6 மாதங்களுக்குள் விதிகள் வகுக்க உத்தரவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவோ, சாலை வடிவமைப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

ஆக, உரிமை இருக்கிறது, அளவு இருக்கிறது, அபராதமும் இருக்கிறது. வார்டு அளவில் ஒரு திட்டம்தான் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அதனால் பள்ளியில் இருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். பிள்ளைகள் பத்திரமாகப் போகிற தெருவில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாகப் போகலாம்.

முதல் வேலை, வரைபடம். பள்ளியை நடுவில் வைத்து 1 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பிள்ளைகள் எந்தெந்தத் தெருக்களில் இருந்து வருகிறார்கள் என்று வகுப்பறையிலேயே கேட்டுக் குறிக்கலாம். பெரும்பாலும் மூன்று, நான்கு வழிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவைதான் வழித்தடங்கள்.

இரண்டாவது, நடந்து பார்ப்பது. காலை பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை. மூன்று நேரமும் ஒரே தெரு மூன்று விதமாக இருக்கும். காலையில் பைக்குகள், இரவில் எரியாத விளக்கு, மழைக்குப் பிறகு எங்கே பள்ளம் என்றே தெரியாத தண்ணீர். பத்து வயதுப் பிள்ளையையும், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும் கூடவே அழைத்துப்போனால், மற்றவர்கள் கண்ணுக்குப் படாதது அவர்களுக்குப் படும்.

மூன்றாவது, குறிப்பெடுப்பது. ‘ரோடு மோசம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘பள்ளி கேட்டில் இருந்து 200 மீட்டரில், மருந்துக்கடை எதிரில் வடிகால் மூடி இல்லை’ என்று போட்டோவோடு எழுதினால், அது ஒருவரின் வேலைப்பட்டியலில் ஏறும்.

எதை மாற்ற வேண்டும்?

முதலில் வேகம். 30 கி.மீ. வேகத்தில் வரும் காரின் முன்னால் ஒரு பிள்ளை ஓடிவந்தால், ஓட்டுநர் சுதாரித்து பிரேக் பிடித்து ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டியை நிறுத்திவிடலாம். 50 கி.மீ. வேகத்தில் வந்தால், அந்த 13 மீட்டரும் சுதாரிப்பதற்கே போய்விடும். பிரேக்கில் கால்கூட அழுந்தியிருக்காது. சராசரி வேகம் 1% கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4% கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. என்ற வரம்பு 2023 நவம்பரிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால், போர்டைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. சாலையின் அமைப்புதான் குறைக்க வைக்கும்.

அதற்கு எளிய வழி, கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கே தூக்கிவிடுவது. நடப்பவர் இறங்காமல் நேராகப் போகலாம்; வண்டிக்கு அது வேகத்தடை. பெயின்ட் அழிந்த ஜீப்ரா கிராசிங்கைவிட இது பல மடங்கு பயன் தரும். தெருமுனைகளில் வளைவைக் குறுக்கினால், வண்டிகள் வேகமாகத் திரும்ப முடியாது. கடக்கும் தூரமும் குறையும். அகலமான சாலையில் நடுவே நின்று மூச்சுவிட ஒரு இடம் வேண்டும்.

சைக்கிளுக்கு எல்லாத் தெருவிலும் தனிப்பாதை தேவையில்லை. வேகம் குறைந்த உள்தெருக்களில் சைக்கிள் மற்ற வண்டிகளோடு சேர்ந்தே போகலாம். வேகமும் நெரிசலும் அதிகமுள்ள பெரிய சாலையில் மட்டும் உறுதியான தடுப்போடு தனிப்பாதை வேண்டும். வெறும் கோடு போட்டால், மறுநாளே அது பார்க்கிங் ஆகிவிடும். பல ஊர்களில் பெரிய சாலைக்கு இணையாக ஓடும் உள்தெருக்களை இணைத்தாலே பாதி வழித்தடம் தயார்.

பைக்குகள் நடைபாதையில் ஏறாமல் இருக்கக் கம்பம் நடுகிறார்கள். நல்லதுதான். ஆனால், சக்கர நாற்காலி நுழைய முடியாதபடி நெருக்கமாக நட்டுவிட்டால், ஒருவரைத் தடுக்கப் போய் இன்னொருவரின் வழியை அடைத்ததாகிவிடும்.

‘கடைகளை எடுத்துட்டா எல்லாம் சரியாகிடுமா?’

நடைபாதை என்றதும் முதலில் விரட்டப்படுவது பூக்காரம்மாவும் இளநீர்க் கடையும்தான். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் உரிமை தருகிறது. கணக்கெடுத்து, நகர விற்பனைக் குழு வழியாக இடம் ஒதுக்கச் சொல்கிறது. நடக்க 1.8 மீட்டர் விட்டு, ஓரத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தால் தெருவுக்கும் நல்லது. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் தைரியமாக நடந்துபோக, விளக்கு எரியும் ஒரு இட்லிக் கடை தரும் துணை பெரிது.

உண்மையில் அதிக இடத்தை அடைப்பது, காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்கும் கார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் தயங்குகிறோம். ‘பார்க்கிங் போனால் வியாபாரம் போய்விடும்’ என்ற கடைக்காரர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. பக்கத்துத் தெருவில் கட்டணப் பார்க்கிங், சரக்கு இறக்கத் தனி நேரம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். முதலில் சில வாரங்கள் தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு நிரந்தரமாகக் கட்டலாம்.

யாரிடம் கேட்பது?

ஒரே தெருவில் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகால் மாநகராட்சியுடையது, பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது, சிக்னல் காவல் துறையுடையது. ‘அது எங்க வேலை இல்லை’ என்ற பதிலில்தான் பாதி மனுக்கள் சாகின்றன. அதனால் புகார்ப் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கொடுக்க இடமும் இருக்கிறது. கிராமங்களில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தொடங்கிய பகுதி சபைகள். அங்கே வரைபடத்தோடு போய், ‘இந்த மூன்று வழித்தடங்கள், இந்த இருபது இடங்கள், எப்போது சரியாகும்?’ என்று கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில் அதே பட்டியலை வைத்து எத்தனை முடிந்தது என்று கேட்கலாம்.

உள்ளாட்சிகளும் கணக்குக் காட்டும் முறையை மாற்ற வேண்டும். ‘இத்தனை கிலோமீட்டர் நடைபாதை போட்டோம்’ என்பது வேலையின் அளவுதான். ஒவ்வொரு வார்டிலும் குறைந்தது ஒரு பள்ளிக்காவது, வீட்டில் இருந்து வகுப்பறை வரை எங்கும் அறுபடாத வழித்தடம் ஒன்றை முடித்துக்காட்டுவதே பலன். நிதி ஒதுக்கீடும் அப்படியே நடக்க வேண்டும்: அழகான சாலையை மேலும் அழகாக்குவதற்கு முன், மோசமான அந்த 100 மீட்டருக்கு முதல் பணம்.

பத்து வயதுப் பிள்ளை துணையில்லாமல் பள்ளிக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்பதே ஒரு ஊரின் சாலைக்கு வைக்கும் தேர்வு. ஆண்டுக்கு 5 லட்சம் சைக்கிள்களைத் தவறாமல் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அவை பத்திரமாகப் போய்வர வழி செய்யும் கடமையும் உண்டு.