விழுந்த மரமும் நடமாடும் அறுவை இயந்திரமும்

2022-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் மாலை டெல்லி மாநகரில் வீசிய பெருங்காற்றில் சாலை மரங்கள் பல வேரொடு சாய்ந்தன. நான் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் வாயிலில் நின்ற நாவல் மரமும் அவற்றுள் ஒன்று. ஓர் ஆள் கட்டிப் பிடிக்க இயலாத பருமன். முதற் கிளை வரை கோணலின்றிப் பத்தடி உயரம். மறுநாட் காலையில் வந்த ஆட்கள் அதனைச் சங்கிலி ரம்பத்தால் மூன்று மூன்று அடித் துண்டுகளாக அறுத்து லாரியில் ஏற்றினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வழியை மறித்துக் கிடப்பதை விலக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு. தூக்குவதற்கு வந்தவரும் நால்வரே. ஆயினும், நீரில் கிடந்தாலும் எளிதில் மக்காது என்று வடநாட்டார் கிணற்றின் அடிவளையத்துக்குத் தேடி வாங்கிய மரம் நாவல். அது சிறிது நேரத்தில் விறகாயிற்று. மூன்றடித் துண்டைக் கொண்டு கதவு நிலையும் செய்ய முடியாது, மேசையும் செய்ய முடியாது.

அந்த வாரத்தில் என் மேசை மீது மொழிபெயர்ப்பின் பொருட்டுக் கிடந்தது, நடமாடும் மர அறுவை இயந்திரத்தைப் பற்றிய கையேடு ஒன்று. பொருள் விளங்காமல் சொல்லை மட்டும் மாற்றுவது எங்கள் தொழிலில் பாவம் ஆகையால், அவ்வியந்திரம் வேலை செய்யும் இடமொன்றைத் தேடிச் சென்று பார்த்தேன். வழக்கமான அறுவை ஆலையில் வாள் ஓரிடத்தில் ஓடும். மரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதற்குக் கொடுக்க வேண்டும். இங்கோ மரம் கிடந்தபடியே கிடக்கிறது. எஞ்சினும் பட்டை வாளும் பொருத்திய சட்டம் இரு தண்டவாளங்களின் மீது மரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருண்டு செல்கிறது. ஒரு முறை சென்றால் ஒரு பலகை. நான்கு பக்கமும் சீவி மரத்தைச் சதுரித்துக் கொண்ட பின்னர், வேண்டிய கனத்துக்கு வாளை இறக்கி இறக்கி அறுத்துக்கொண்டே போகலாம். இருவர் மூவர் போதும். வேலை முடிந்ததும் சக்கரம் பூட்டி ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லலாம்.

இந்த எண்ணம் புதியதன்று. மேலே ஒருவரும் குழியில் ஒருவருமாக நின்று இழுத்த பழைய குழி அறுப்பு வாளும் மரம் கிடந்த கொல்லைக்கே வந்து வேலை செய்ததுதான். ஆலைகள் தோன்றிய பிறகே மரம் வாளைத் தேடிப் போகத் தொடங்கிற்று. அக்காலத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. அந்தமானில் 1883-இல் நிறுவப்பெற்ற சாத்தம் மர அறுவை ஆலைக்குத் தீவுகளின் பெருங்காட்டு மரங்கள் கடல் வழியே வந்து சேர்ந்தன. மரம் ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. ஆலையும் ஓரிடத்தில் நின்றது. இன்று நிலைமை வேறு. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்குப் பின்னர் மரத் தொழில்கள் காட்டை விட்டு விளைநிலங்களை நாடின. காடுகளுக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்து ஆண்டுதோறும் 9 கோடி கன மீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தொழில்மரம் கிடைக்கக் கூடும் என்பது 2023-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கையின் மதிப்பீடு. இவ்வளவு மரமும் வரப்பில் ஒன்றும், கிணற்றடியில் இரண்டும், பள்ளி வளாகத்தில் நான்குமாகச் சிதறி நிற்பது. மூன்று மீட்டர் நீளமும் அரை மீட்டர் விட்டமும் உள்ள பச்சை மரத்துண்டு ஒன்று அரை டன்னுக்கு மேல் நிறுக்கும். ஒரே மரம் விழுந்த குடியானவர், அதைத் தூக்கவும் ஏற்றவும் கொண்டு செல்லவும் ஆகும் கூலியைக் கணக்கிட்ட அளவில் விறகுக் கடைக்காரரையே கூப்பிடுகிறார்.

கையேட்டை மொழிபெயர்க்கையில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு சொல். வாள் செல்லும் வழியில் தூளாகிப் போகும் மரத்தின் அகலத்துக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் உண்டு. நான் ‘அறுப்புச் சேதாரம்’ என எழுதினேன். பொற்கொல்லரிடம் சேதாரத்துக்காக மணிக்கணக்கில் வாதாடும் நாம், மரத்தில் அதைக் கேட்பதே இல்லை. நடமாடும் பட்டை வாளின் சேதாரம் சுமார் 2 மில்லிமீட்டர். நடமாடும் வட்ட வாளுக்கு 5. சங்கிலி ரம்பத்துக்கு 8 அல்லது 9. முந்நூறு மில்லிமீட்டர் சதுரித்த மரத்தை 25 மில்லிமீட்டர்ப் பலகைகளாக அறுத்தால் முதல் வகையில் 11 பலகைகளும், இரண்டாவதில் 10-உம், மூன்றாவதில் 9-உம் கிடைக்கும். சங்கிலி ரம்பத்தை ஒரு சட்டத்தில் பூட்டிப் பலகை அறுப்பது மலிவான வழி என்று சொல்பவர்கள், மரத்தூளாகக் கொட்டிய அந்த இரண்டு பலகைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓரிரு மரங்கள் விழும் காலத்தில் இது சில்லறை நஷ்டம். புயற் காலத்திலோ அது பெருநஷ்டம் ஆகிறது. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தையும், 2019 மே மாதத்தில் பூரியையும், 2020 மே மாதத்தில் கல்கத்தாவையும் தாக்கிய புயல்களில் விழுந்த மரங்களின் கதையும் எங்கள் நாவலின் கதைதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலில் காவிரிக் கடைமடையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசாங்கம் அறிவித்தது. அந்த இரண்டாவது தொகை என்னைச் சிந்திக்க வைத்தது. துயருற்றவருக்கு உதவியது முறையே; ஆனால் கிடந்த மரம் முழுவதும் பொருளாக அன்றிக் குப்பையாகவே கணக்கில் ஏறிவிட்டது. குப்பை சும்மாவும் இருப்பதில்லை. மக்கும் தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. பெருகிய வண்டு, தப்பி நின்ற தென்னையின் குருத்தையும் புதிதாக நட்ட கன்றையும் குடைகிறது. அப்புறப்படுத்தாத ஒவ்வொரு கட்டையும் அடுத்த தோப்புக்குச் சத்துருவாகிறது.

தென்னை பலகைக்கு ஆகுமா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் மற்ற மரங்களைப் போல் அதை அறுக்கலாகாது. வேம்பிலும் தேக்கிலும் வைரம் நடுவில் இருக்கும், வெளிறு வெளியில் இருக்கும். தென்னையில் இது தலைகீழ். வெளிப்புறம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி கொண்ட கெட்டி மரம். நடுப்பகுதி 400 கிலோவும் தேறாத சோறு. பனையைப் பிளந்து பனங்கை எடுத்த நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். உட்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வெளி வைரத்தை மட்டுமே கூரைக்கு ஏற்றினர். அடிப்பகுதியின் வெளிப்புறத்திலிருந்து உத்தரச் சட்டமும், அதற்கு உள்ளிருந்து தடுப்புப் பலகையும் எடுக்கலாம். நடுச்சோறு தாங்கு வேலைக்கு ஆகாது. வெளிமரம் வாளின் பற்களை விரைவில் மழுக்கும் ஆதலால் கடின உலோக முனை வைத்த பற்கள் வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னைப் பலகை வீடு கட்டும் சாதாரணச் சரக்கு. 2013 நவம்பரில் ஹையான் புயல் அங்கே கோடிக்கணக்கான தென்னைகளைப் பாதித்தபொழுது, விழுந்த மரங்களை அறுத்தே தங்குமிடங்கள் பலவற்றை எழுப்பினர். அங்கே அறுக்கத் தெரிந்தவர்கள் முன்னமே இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்குத் தடையாக நிற்பது பணம் மட்டுமன்று. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, மத்திய அரசின் ஒப்புதலின்றிக் காடுகளுக்குள் நடந்த அறுவை ஆலைகளை நிறுத்தச் செய்தது. தொடர்ந்து வந்த ஆணைகள் உரிமமற்ற ஆலைகளை மூட வைத்தன. 2016-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளின்படி, உரிமம் பற்றி மாநிலக் குழுக்கள் முடிவு செய்கின்றன. இவை வீணான கட்டுப்பாடுகள் என்று நான் கூற மாட்டேன். ஒரே இரவில் காட்டோரம் சென்று தேக்கைச் சட்டமாக்கி விடிவதற்குள் திரும்பிவிடக் கூடிய இயந்திரத்தைக் கண்டு வனத் துறையினர் அஞ்சுவது நியாயமே. சதுரித்த பின் அடிமுத்திரையும் பட்டையும் போய்விடும்; எங்கே வெட்டிய மரம் என்று எவரால் சொல்ல முடியும்? ஆனால் உரிமம் என்பது ஓர் இடத்தைச் சார்ந்து வழங்கப்படுவது. நடமாடும் இயந்திரத்துக்கோ இடமே கிடையாது. 2025 ஜூன் மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விளைநில மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. வெட்டும் வழியை எளிதாக்க முயலும்பொழுது, வெட்டியதை அங்கேயே அறுக்கும் வழியையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

என் அபிப்பிராயம் இது. புயல் தாக்கக் கூடிய ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் நடமாடும் பட்டை வாள் இயந்திரங்கள் சில, வனத் துறையின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். சாதாரண நாட்களில் அவை முத்திரையிட்ட கொட்டகையில் கிடக்கட்டும். பேரிடர் என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்த பகுதிக்குள், அறிவித்த நாட்களுக்கு மட்டும் வெளியே வரட்டும். விழுந்த மரத்தைக் களப் பணியாளர் அளந்து, பதிவேட்டில் எழுதி, சுத்தியல் முத்திரை இட்ட பின்னரே வாள் ஓடட்டும். அறுத்த பலகைக்கும் அதே எண் தொடரட்டும். உரிமையாளர் கேட்கும் அளவுக்கு அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கலாம். அல்லது பலகையில் ஒரு பங்கை வாங்கலாம். நாள் கணக்குத்தான் முக்கியம். மழை ஈரத்தில் கிடக்கும் மாமரத்தின் வெளிறில் சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை ஏறிவிடும். அதன் பின்னே துளைப்பான் வரும். மூன்று மாதம் கழித்து வரும் உத்தரவால் மரத்துக்குப் பயனில்லை.

ஆனால் இயந்திரத்தை வாங்கி நிறுத்திவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. வாளைத் தீட்டவும் பற்களைச் சாய்க்கவும் தெரிந்த ஒருவர் இல்லையெனில், முதல் வாரத்திலேயே வாள் நேர்கோட்டை விட்டு அலையும். பலகை ஒரு முனையில் கனத்தும் மறு முனையில் மெலிந்தும் வரும். பிறகு இயந்திரம் கிடங்கில் துருப் பிடிக்கும். இவ்வாறு துருப் பிடித்தவற்றின் கையேடுகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆபத்தும் சிறியதன்று. வேரோடு சாய்ந்த மரத்தைத் துண்டித்ததும், தூக்கி நின்ற வேர்த்தட்டு சட்டென்று குழிக்குள் திரும்பி விழும். அதன் பின்னால் நிற்பவர் பிழைப்பது அரிது. வளைந்து அழுந்திய கிளையை அறுத்தால் சவுக்குப் போல் அடிக்கும். எல்லாவற்றிலும் சிறிய சத்துரு ஆணி. விளம்பரத் தகடு அடித்தவரும் கொடிக்கம்பி கட்டியவரும் போய்விடுவர். ஆணி மரத்துக்குள் வளர்ந்து மறைந்து, ஒரு நாள் ஓடும் வாளைத் துண்டாக்கும். சாலை மரங்களை உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்க்காமல் இயந்திரத்தில் ஏற்றலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பள்ளி வளாகத்தில் விழுந்த மரம் விறகு விலைக்கு ஏலம் போவதையும், அதே பள்ளிக்கு வெளியூரிலிருந்து பெஞ்சு வந்து இறங்குவதையும் பல இடங்களில் காண்கிறோம். ஏலத்துக்கு முன்னர் மாணவரை விட்டு மரத்தை அளக்கச் செய்யுங்கள். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவது களப் பணியாளர் அறிந்த வழக்கம். மேலே சொன்ன அரை மீட்டர் விட்டமுள்ள துண்டுக்கு அது 0.46 கன மீட்டர் தரும். வட்டக் கணக்கோ 0.59 தரும். இந்த நூற்றுக்கு இருபத்தொரு பங்குக் குறைவு எங்கிருந்து வந்தது, அது யாருக்கு லாபம், அறுக்கையில் உண்மையாகவே எவ்வளவு கழிகிறது என்று வகுப்பில் விவாதித்தால் வடிவக் கணிதம் ஒரு வாரத்துக்குப் போதும்.

அறுத்தவுடன் பெஞ்சு செய்ய முற்படுவதும் கூடாது. பச்சைப் பலகை கோடையில் முறுக்கிக் கொள்ளும். நிழலும் காற்றும் உள்ள கொட்டகையில், தரையை விட்டு உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை நேர்க்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முனைகளில் வர்ணம் பூசி, மேலே பாரம் ஏற்றி, சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். இதற்கான முறைகள் இந்தியத் தர நிர்ணயம் 1141-இல் உள்ளன. அதைத் தமிழில் சுருக்கி ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கும் வேலையை என் போன்றோரிடம் ஒப்படைக்கலாம். இயந்திரம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் நாவலின் துண்டு ஒன்றை வாயிற்காவலர் லாரிக்குத் தராமல் ஒதுக்கி வைத்துக் கொண்டார். இன்றும் அதன் மீதுதான் அமர்கிறார். வர்ணம் பூசாததால் இரு முனைகளிலும் விரல் நுழையும் வெடிப்பு விழுந்திருக்கிறது. நடுமரத்தில் இதுவரை ஒரு புழுத் துளையும் இல்லை.