தெர்மோஸ்டாட் 'அவசரம் லேது'வாம்!

சென்னையிலிருந்து மாற்றலாகி ஹைதராபாத் வந்த புதுசு. மே மாச வெயில், பஞ்சாகுட்டா சிக்னல், வண்டி கொதிச்சு நின்னுடுச்சு. மெக்கானிக் ஒரு சின்ன உருப்படியைக் கழட்டிக் கையில கொடுத்து, "தெர்மோஸ்டாட் அவசரம் லேது சார்"னார். சரி, அவசரமில்லை, அப்புறம் மாட்டுவார் போலன்னு தலையாட்டிட்டு வந்தேன். தெலுங்குல 'அவசரம்'னா 'தேவை'ன்னு பிற்பாடுதான் தெரிஞ்சது :-)

தெலுங்குக்காரங்களை மட்டும் சொல்லலை. சென்னையிலயும் இதே பாட்டுதான்: "குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் சார் அது, நம்ம வெயிலுக்கு எதுக்கு?" கேட்க நியாயமா இருக்கும். சுத்த அபத்தம்!

வெளிய 42 டிகிரியே இருக்கட்டும். என்ஜின் ஒழுங்கா ஓட உள்ளே இருக்கற தண்ணி சுமார் 90 டிகிரிக்கு வரணும். அதைச் சீக்கிரம் வரவெச்சு, அங்கேயே நிறுத்தறதுதான் தெர்மோஸ்டாட் வேலை. உள்ளே ஒரு குப்பியில மெழுகு. 82-88 டிகிரி வாக்கில அது உருகி விரிஞ்சு, ஊசியைத் தள்ளி வால்வைத் திறக்கும். தண்ணி ரேடியேட்டருக்குப் போகும். ஆறினா ஸ்பிரிங் மூடிடும். கரண்ட் வேண்டாம். 1930கள்ல செர்ஜியஸ் வெர்னெட் கண்டுபிடிச்ச மெழுகு வித்தை, இன்னிக்கும் ஓடுது.

கழட்டிட்டா? வீட்டுக்கும் பேங்குக்கும் நடுவுல என்ஜின் சூடேறவே ஏறாது. பெட்ரோல் கூட குடிக்கும், ஆயில்ல ஈரம் தங்கிக் கசடாகும், உள்பாகங்கள் தேயும். தேய்மானம்னா எங்களுக்கு வருஷக் கடைசியில போடற ஒரு என்ட்ரி. இங்கே நிஜமாவே இரும்பு தேயுது சார்!

இதைவிடக் கூத்து, பல என்ஜின்கள்ல சூடானதும் பைபாஸ் வழியை அடைக்கறதும் இதே உருப்படிதான். அது இல்லைன்னா சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம உள்ளேயே சுத்தும். சூடு குறையணும்னு கழட்டினா, வெயில்ல சூடு ஏறும்!

அடுத்த மே மாசம் மறுபடி கொதிச்சது. ஆணி டப்பாவுல கிடந்த பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்து, ஒரு பாத்திரத் தண்ணியில போட்டு அடுப்புல வெச்சேன். சூடேற ஏற அழகா வாயைத் திறந்தது! குற்றவாளி ரேடியேட்டர் ஃபேன். நிரபராதிக்கு ஒரு வருஷம் தண்டனை, அபராதம் கட்டினது நான்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீங்க மக்களே. திறக்கலைன்னா புதுசு மாட்டச் சொல்லுங்க. "அவசரம் லேது"ன்னா, "உந்தி சார், சாலா உந்தி"ன்னு அடிச்சுச் சொல்லுங்க!