தாமதமாக வரும் நோயும் தட்டிக்கழியும் நீதியும்

அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் பலவும் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தாராளமாகப் பயன்பட்ட காலத்தில் கட்டப்பட்டவை. நீராவிக் குழாய் உறைகளிலும் தரை ஓடுகளிலும் இருந்த அதன் இழைகள் பழுதுபார்க்கும்போது காற்றில் கலந்தன. அவற்றைச் சுவாசித்தவருக்கு மீசோதீலியோமா புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்.

அப்போது அவர் யாரிடம் முறையிடுவது? பணி சார்ந்த பாதிப்புக்காகப் படைவீரர் அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடர இயலாது என 1950இல் ஃபெரெஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரித்த நிறுவனங்கள்மீது வழக்குத் தொடரலாம். ஆனால், ஜான்ஸ்-மேன்வில் 1982இலேயே திவால் பாதுகாப்பு கோரியது. அத்தகைய நிறுவனங்களுக்காக அமைக்கப்பட்ட அறக்கட்டளை நிதிகளிலிருந்து ஓரளவு இழப்பீடு பெறலாம். முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் மாதந்தோறும் இழப்பீட்டுத் தொகை கோரலாம். அதற்கோ, பணிக்காலத்தில்தான் கல்நார் தூசியைச் சுவாசித்தார் என்பது நிறுவப்பட வேண்டும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இதுதான்: கட்டட ஆவணங்கள் அரசிடம்; மெய்ப்பிக்கும் சுமை நோயாளியிடம். தகவல் யாரிடம் உள்ளதோ அவரே சுமையையும் ஏற்பதுதான் முறை. கல்நார் இருந்த கட்டடங்களின் பட்டியலை அரசே வெளியிட்டு, அங்கு பணியாற்றியோர் அதைச் சுவாசித்தவர்கள் எனச் சட்டம் கருதட்டும். மூச்சுக்குத் திணறுபவரை நாற்பதாண்டுப் பழைய காகிதங்களைத் தேடி அலையவிடுவது நன்றியுள்ள நாட்டுக்கு அழகன்று.