இரசிகனின் துலாக்கோல்

விளையாட்டு வீரரிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பதில் இரசிகனுக்கு நிகரானவர் எவருமிலர். அவ்வொழுக்கத்தைத் தான் கைக்கொள்வதில் அவனிலும் பின்தங்கியவரும் எவருமிலர். கண்டி நகரத்துத் தேநீர்க் கடைகளிலும் பேராதனை விடுதிகளின் பொது அறைகளிலும் ஒவ்வொரு பருவத்திலும் நிகழும் கிரிக்கெட் விவாதங்களை உற்றுநோக்குவோர் இதனை எளிதில் உணர்வர். ஓட்டங்களும் விக்கெட்டுக்களும் பேசப்படும் வரையில் விவாதம் நேரிய வழியிற் செல்கின்றது. யார் நேர்மையாக ஆடினார் என்ற வினா எழுந்ததுமே அறிவு விடைபெறுகின்றது, அணிப்பற்று ஆசனமேறுகின்றது.

இரசிகனின் கையில் இரண்டு படிக்கற்கள் உள்ளன. ஒன்றின் பெயர் விதி. மற்றதன் பெயர் விளையாட்டுப் பண்பு. தன் அணிக்கு ஆதாயம் கிட்டும்போது விதியை எடுத்து நிறுக்கிறான். இழப்பு நேரும்போது பண்பை எடுத்து நிறுக்கிறான். இரண்டையும் ஒரே நிகழ்ச்சிக்கு ஒருங்கே பயன்படுத்த அவன் உடன்படுவதில்லை. இது வெறும் குற்றச்சாட்டன்று என்பதை அண்மைக்கால வரலாறே மெய்ப்பிக்கும்.

2014ஆம் ஆண்டு யூன் மாதம் எட்ஜ்பஸ்ரன் மைதானத்தில், பந்து வீசப்படுமுன் எல்லைக்கோட்டை விட்டு நகர்ந்த இங்கிலாந்து வீரர் ஜோஸ் பட்லரை, இருமுறை எச்சரித்த பின்னர், சச்சித்ர சேனாநாயக்க ஆட்டமிழக்கச் செய்தார். அணித்தலைவர் அஞ்சலோ மத்யூஸ் அம்முறையீட்டை மீளப்பெற மறுத்தார். விதி தெளிவாக இருந்தது. இலங்கை இரசிகர்கள் விதியைப் போற்றினர். இங்கிலாந்து இரசிகர்கள் பண்பு மாண்டுவிட்டதெனப் புலம்பினர். 2023ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, டில்லியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில், தலைக்கவசத்தின் பட்டி அறுந்தமையால் குறித்த நேரத்துள் பந்தை எதிர்கொள்ளத் தவறிய அதே மத்யூஸ், பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசனின் முறையீட்டினால் ஆட்டமிழந்தார். அப்பொழுதும் விதி தெளிவாகவே இருந்தது. ஆயினும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விதிநூலை உயர்த்திப்பிடித்த கைகள் அன்று பண்பு நூலைத் தேடின. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. எச்சரிக்கை பெற்றும் மீறியவனும் கவசம் பழுதுற்றமையால் தாமதித்தவனும் ஒருவரல்லர். ஆனால் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்து வாதாடியவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் பார்த்தது சட்டையின் நிறத்தையே.

கண்டிக்கு இன்னும் நெருக்கமான சான்றுகளும் உள. 2006ஆம் ஆண்டு டிசம்பரிற் கிறைஸ்ற்சேர்ச் டெஸ்ட் போட்டியில், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவராகிய குமார் சங்கக்கார சதமடித்தார். மறுமுனையில் நின்றவர் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி உருவாக்கிய முத்தையா முரளிதரன். நண்பனை வாழ்த்த அவர் எல்லைக்கோட்டைவிட்டு வெளியேறியபோது, பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தமையால், நியூசிலாந்தின் பிரண்டன் மக்கலம் விக்கெட்டை வீழ்த்தினார். விதிப்படி அது ஆட்டமிழப்பே. ஆயினும் 2016ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய கௌட்ரி நினைவுப் பேருரையில், அவையில் அமர்ந்திருந்த சங்கக்காரவை விளித்து, மக்கலம் அச்செயலுக்காக மன்னிப்புக் கோரினார். விதி தன் பக்கம் இருந்தும் தன் செயலைத் தானே நிறுத்துப் பார்த்த வீரர் அவர். அவருக்காக அன்று விதியை மேற்கோள் காட்டி வாதாடிய இரசிகர்களுள் எவரேனும் மன்னிப்புக் கேட்டதுண்டா?

கிறைஸ்ற்சேர்ச்சுக்காகக் கொதித்த இலங்கை இரசிகர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மத்திய மாகாணத்துத் தம்புள்ளையில், வெற்றிக்கு ஓர் ஓட்டமே எஞ்சியிருக்க, இந்தியாவின் வீரேந்தர் சேவாக் 99 ஓட்டங்களுடன் நின்றார். சூரஜ் ரன்திவ் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டிப் பந்துவீச, ‘நோ போல்’ ஓட்டத்தினால் இந்தியா வென்றது. சேவாக் அடித்த ஆறு ஓட்டங்கள் கணக்கிற் சேரவில்லை. இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகம் ரன்திவை ஒரு போட்டிக்கு இடைநிறுத்தியது. திலகரத்ன டில்ஷானுக்கு அபராதம் விதித்தது. ரன்திவ் சேவாக்கிடம் மன்னிப்பும் கோரினார். நிர்வாகமும் வீரரும் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரும், அது விதிக்கு உட்பட்டதேயென வாதிட்டோர் கண்டி வீதிகளில் இல்லாமற்போகவில்லை.

நடுவரைத் தூற்றுவதிலும் இதே கதைதான். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்து மூன்று விக்கெட்டுக்களால் வென்ற டெஸ்ட் போட்டி, தவறான தீர்ப்புகளாற் பெயர்பெற்றது. நிலத்திற் பட்டெழுந்த பந்துக்குச் சனத் ஜயசூரிய ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்டார்; சதமடித்த நாசர் ஹுசைன் தப்பிப் பிழைத்தார். இலங்கை இரசிகரின் சினம் நியாயமானதே. ஆனால், அதற்கு முன்னைய காலிப் போட்டியில் தவறான தீர்ப்புகள் இங்கிலாந்தையே பெரிதும் தாக்கியபோது அச்சினம் எங்கே உறங்கியது? இன்று மேன்முறையீட்டுத் தொழினுட்பம் உண்டு. அதன் முதற் பரீட்சிப்பு 2008இல் இலங்கை மண்ணிலேயே நிகழ்ந்தது. டெனிசிலும் கோட்டு நடுவரின் கண்ணுக்குப் பதிலாக இயந்திரக் கண் வந்துவிட்டது. 1981இல் விம்பிள்டனில் ஜோன் மக்கன்ரோ நடுவரோடு மல்லுக்கு நின்றதுபோல் நிற்க இன்று அங்கே இடமில்லை. நடுவரின் பிழையைத் திருத்த இயந்திரம் கிடைத்தது. இரசிகனின் சாய்வைத் திருத்த எவ்வியந்திரமும் கிடைக்கவில்லை.

இச்சாய்வினால் மிகுதியும் தாக்குண்டவர் முரளிதரனே எனலாம். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவரது பந்துகளை ஏழுமுறை ‘நோ போல்’ என அறிவித்தார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நிகழ்ந்த ஆய்வுகள், முற்றாக நிமிர்த்த இயலாத முழங்கையுடன் அவர் பிறந்தவர் என்பதையும், எறிவதுபோன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்பதையும் காட்டின. 2004இல் அவரது ‘தூஸ்ரா’ பந்து அப்போதைய வரம்பை மீறியதாகக் காணப்பட்டதும் உண்மையே. ஆயின், தொடர்ந்து நிகழ்ந்த ஆய்வுகள், நேரிய பந்துவீச்சுக்கு இலக்கணமெனப் போற்றப்பட்டோர் உட்பட ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளரும் ஓரளவு கையை நிமிர்த்துவதை வெளிப்படுத்தின; 2005 முதல் அனைவருக்கும் 15 பாகை வரம்பாயிற்று. அளவுகோல் பேசிய பின்னரும் அவுஸ்திரேலியப் பார்வையாளர் கூச்சலை நிறுத்தவில்லை. இலங்கை இரசிகரோ, பிற நாட்டுப் பந்துவீச்சாளர் ஐயத்துக்குள்ளாகும்போது ஆய்வு முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

தமிழ் இரசிகரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலில் முரளிதரனுடைய குடும்பத்தின் பிஸ்கற் தொழிற்சாலை தாக்கப்பட்டது. அத்தகைய வீட்டிலிருந்து வந்தவர் 2007ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி அதே கண்டியின் அஸ்கிரியவில் 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஷேன் வோனின் சாதனையைக் கடந்தார். 2010இற் காலியில் 800ஐ எட்டி ஓய்வுபெற்றார். அவருடைய அரசியற் கூற்றுகள் பலரைப் புண்படுத்தின. அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி 2020இல் விலக நேர்ந்தது. ஒருவருடைய அரசியலைக் கண்டிப்பது குடிமகனின் உரிமை. அவ்வுரிமையை எவரும் மறுத்தலாகாது. ஆனால் அரசியலை வெறுப்பதற்காக, அவர் எறிந்தே விக்கெட் பெற்றார் எனப் பழைய பழியை மீட்டுச் சொல்வதும், அவர் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக அவர் சொன்னவற்றையெல்லாம் நியாயப்படுத்துவதும் ஒரே நோயின் இரு முகங்களே.

இரசிகன் பக்கஞ்சார்வது இயல்பு. நடுநிலை வேண்டுமாயின் அவன் நடுவனாகவே போகலாமே எனச் சிலர் கூறுவர். இது விருப்பத்தையும் தீர்ப்பையும் வேறுபிரித்தறியாதார் கூற்று. தன் அணி வெல்லவேண்டுமென விரும்புவதில் தவறில்லை. அவ்விருப்பமின்றேல் விளையாட்டே சுவையற்றுப்போகும். தன் அணி செய்ததனாலேயே ஒரு செயல் நேரியதாகிவிட்டது எனத் தீர்ப்பளிப்பதே தவறு. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனியதிகாரம் வகுத்ததோடு அதனையடுத்தே அடக்கமுடைமையை வைத்தார். தீர்ப்புரைக்கப் புகுவோர்க்கு அவ்வொழுங்கு சிந்திக்கத்தக்கது.

விளையாட்டுத்தானே என இதனை ஒதுக்கிவிட இயலாது. செயலை விடுத்து ஆளைப் பார்த்து நீதியுரைக்கும் வழக்கத்தின் கொடுமையை இந்நாட்டிற் கண்டிச் சீமையின் தோட்டத் தொழிலாளரைவிட அறிந்தவர் யார்? உழைப்பைக் கணக்கில் எடாது பிறப்பின் தொடர்பை மட்டும் கேட்ட 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அத்தகைய வரலாற்றின் நடுவே கல்வி கற்கும் மாணவன், யார் செய்தார் என்று கேட்ட பின்னரே சரியா பிழையா என்று முடிவுசெய்யும் பழக்கத்தை மாலைநேர விவாதத்திற் பயின்றுகொள்வானாயின், நாளை ஆசிரியனாகவும் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் அவன் அமரும்போது வேறெந்தப் பழக்கம் அவனுக்குத் துணைவரும்?

பரிகாரம் கடினமானதன்று. நிகழ்ச்சியை முதலிற் பெயரின்றிக் கூறுக; ஒருவர் இதனைச் செய்தார் என்று மட்டும் சொல்லித் தீர்ப்பை வழங்குக. அதன் பின்னரே பெயரையும் கொடியையும் சேர்த்துப் பார்க்க. தீர்ப்பு மாறாது நிற்குமாயின் அது நீதி. மாறுமாயின், அங்கே விளையாட்டுப் பண்பில் தவறியவர் ஆடுகளத்தில் நின்றவரல்லர்.